சோடா வச்ச தேதி

மதுரை
4.10.2025

மாப்ள,

உன் மெசேஜ் பார்த்தேன். 19-ஆம் தேதி ஞாயித்துக்கிழமை எல்லாரும் மதுரையில கூடுறோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு நீயும் வந்துருன்னு போட்டிருக்கே. ஜவுளிக்கடைக்காரனைத் தீபாவளிக்கு முந்தின நாள் விருந்துக்குக் கூப்பிடுற மூளை நம்ம செட்டுல ஒருத்தனுக்குத்தான் உண்டு. தேதி வச்சது சோடாதான்னு குட்டை சொன்னான், நான் ஆச்சரியப்படலை. பத்தாவதுல பரீட்சை அன்னைக்குச் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தவன்தானே. நான் வரலை. விளக்குத்தூண் பக்கம் வந்தீங்கன்னா கூட்டத்துல என்னைத் தேடாதீங்க, மேல சரக்கு அடுக்குற கிட்டங்கியிலதான் கிடப்பேன்.

வீட்டுல எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள்ள இருக்கு. பையன் பன்னிரண்டாவது, அதனால டிவிக்குப் பூட்டு. வீட்டுச் செய்தி அவ்வளவுதான், இனிமே என் புலம்பல். உன்னை விட்டா இது புரியுற ஆள் நம்ம கூட்டத்துல கிடையாது. நீயாவது ஒரகடத்துல ஆன்லைன் கம்பெனி கோடவுன்ல பெட்டி எண்ணிப் பொழைக்கிறவன்.

இந்த வருஷம் மாதிரி கிறுக்குப் பிடிச்ச சீசனை நான் பார்த்ததில்லை. ஆடித் தள்ளுபடி முடியுற நேரம், பழைய சரக்கையெல்லாம் தள்ளிவிட்டு ரேக்கைக் காலி பண்ணி வச்சிருக்கோம். ஆகஸ்ட் 15 அன்னைக்குப் பிரதமர் செங்கோட்டையில நின்னு, தீபாவளிக்கு ஜிஎஸ்டி குறையும்னு சொன்னார். செப்டம்பர் 3-ல ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு பண்ணுச்சு, 22-ல அமலுக்கு வந்துச்சு. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லலை. ஆனா நடுவுல அஞ்சு வாரம் இருக்கு பாரு. அதுலதான் எங்க பொழப்பு நாறிப்போச்சு.

ரெடிமேட்ல ஆயிரம் ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 12 இருந்தது. இப்ப 2,500 வரைக்கும் 5, அதைத் தாண்டினா 18. சேலை துணிக் கணக்கு, அது எப்பவும் போல 5. சட்டை, சுடிதார், பிள்ளைங்க டிரஸ்ஸுன்னு நாங்க விக்கிறதுல பெரும்பங்கு அந்த ஆயிரத்துக்கும் 2,500-க்கும் நடுவுலதான். வரி குறையப்போகுதுன்னு தெரிஞ்ச சரக்கை எவன் முன்கூட்டியே வாங்குவான்? வாடிக்கையாளர் வரலை. கடைக்காரங்க கொள்முதலை நிறுத்தினாங்க. மொத்த வியாபாரி, 'லோடு போடட்டுமா வேணாமா'ன்னு தினம் போன் பண்ணான். 12 கட்டி முன்னாடியே வாங்கினதுக்கு வித்தியாசம் எங்க கிரெடிட் லெட்ஜர்ல, அதாவது கட்டின வரி வரவா நிக்கிற கணக்குல கிடக்கு. பின்னால வரிக்கு ஈடு கட்டிக்கலாம், ஆனா தீபாவளிக்குப் போனஸ் குடுக்க அந்தப் பணம் ஆகாது. அப்புறம் பார்கோடு. ஒட்டின ஸ்டிக்கரை எல்லாம் உரிச்சுட்டுப் புது விலை ஒட்டணும். கிட்டங்கியில அடுக்கு அடுக்கா இருந்த சரக்கு முழுசையும் மறுபடி தரைக்கு இறக்கினோம்.

22-ஆம் தேதி மடை திறந்துச்சு. இந்தியாவுல உள்ள அத்தனை கடைக்காரனும் ஒரே வாரத்துல, மொத்தத் துணி வாங்குற குஜராத் சூரத்துக்குப் போன் பண்ணியிருப்பான். 23-ல உங்க ஆளுங்களும் ஆன்லைன் திருவிழாவைத் தொடங்கிட்டீங்க. லாரிக்கு எங்க போறது? சூரத்துல இருந்து இங்க சுமார் 1,700 கிலோமீட்டர். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்ங்கிற கணக்குல, சரக்கு வண்டியோட வர வேண்டிய இ-வே பில்லுக்கு ஒன்பது நாள் ஆயுசு. சாதாரண மாசத்துல அது தாராளம். இப்ப பேல், அதான் துணி மூட்டை, புக்கிங் ஆபீஸ்லயே தூங்குது, வழியில ஒரு கோடவுன்ல இறக்கி வேற வண்டி மாத்துறான், அங்கேயும் தூங்குது. பில் காலாவதி ஆகுறதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ நீட்டிக்கணும். நீட்டிக்க வேண்டியது லாரிக்காரன், அவன் போனை எடுக்கமாட்டான். அப்படியே வந்தாலும் 1-ஆம் தேதி ஆயுத பூஜை. வண்டிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைச்சு நிறுத்தியாச்சு. மறுநாள் காந்தி ஜெயந்தி. 30-ஆம் தேதி ஊருக்குள்ள வந்த எங்க பேல் நேத்து ராத்திரிதான் இறங்குச்சு.

இதுல முதலாளிக்கும் எனக்கும் பெரிய சண்டை. ஜூலையிலேயே சொன்னேன். மாறாத சரக்கு, அதாவது பாலியெஸ்டர் சேலை, பாவாடைத் துணி, யூனிபார்ம் மாதிரி வெள்ளைச் சட்டை, இதையெல்லாம் தூரத்துல இருந்து சீக்கிரமே வரவழைச்சிருவோம். என்ன ஓடும்னு கடைசி வரைக்கும் தெரியாத சரக்கை, பிள்ளைங்க டிரஸ், பொண்ணுங்க டாப், இதை ஈரோடு, திருப்பூர்ல வாங்குவோம். ராத்திரி ஏத்தினா காலையில கடையில இருக்கும். பீஸுக்கு முப்பது நாப்பது ரூபாய் கூட ஆகும், ஆகட்டும். அந்த முப்பது ரூபாயில நாம வாங்குறது துணியை இல்ல, பத்து நாள் பொறுத்துப் பார்த்து முடிவு பண்ற வசதியை. முதலாளி பேனாவை மூடி வச்சுட்டு, 'எங்கப்பா காலத்துல இருந்து சூரத்து'ன்னார். கடைசியில பாதிக்குப் பாதி. அந்தப் பாதியில என் மானம் தொங்குது மாப்ள.

சைஸைப் பத்தி ஒரு பக்கம் எழுதலாம், நீ தூங்கிருவே. ஆனாலும் சொல்றேன். பெட்டி செட்டாத்தான் வரும், எல்லா சைஸும் ஒண்ணு ஒண்ணு. விக்கிறப்ப நடு சைஸ்தான் முதல்ல பறக்கும். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில பார்த்தா ரேக் நிறைய சரக்கு இருக்கும், கேட்டு வர்ற பிள்ளைக்கு மட்டும் இருக்காது. கம்ப்யூட்டர் 'ஸ்டாக் உண்டு'ன்னு காட்டும். அது மொத்தத்தை எண்ணுது, அம்மா தன் பிள்ளைக்குத் தேடுறா. உங்ககிட்ட இந்தப் பிரச்சினை வராது, 'தீர்ந்துவிட்டது'ன்னு திரையில ஒரு வரி போட்டுருவீங்க. இங்க நேருக்கு நேர் சொல்லணும், பிள்ளை அழும்.

எங்க கணக்குப் பையன் ஒரு கூத்து பண்ணான். போன வருஷ அக்டோபர் 4 விற்பனையையும் இந்த வருஷ அக்டோபர் 4-ஐயும் பக்கத்துல வச்சு, 'சார், பிரமாதமா இருக்கு'ன்னான். போன வருஷம் தீபாவளி 31, இந்த வருஷம் 20. பண்டிகையில இருந்து பின்னோக்கி எண்ணுடான்னு சொன்னேன். எண்ணிட்டு முகம் தொங்கிப் போச்சு. 20-ஆம் தேதி தீபாவளின்னா ஒண்ணாந் தேதிச் சம்பளம் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கும். போனஸ் எந்த நாள் கையில வருதோ அந்த நாள்தான் எங்களுக்குக் கூட்டம். அது எப்பன்னு மில்லுக்குத்தான் தெரியும். போதாததுக்கு ஐப்பசி மழை. தீபாவளி ஐப்பசி மூணு. கடைசி சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பேஞ்சா போதும், மாசி வீதியில தண்ணி நிக்கும், கிராமத்து ஜனம் பஸ் ஏறாது. அந்தச் சனிக்கிழமையை வேற எந்தக் கிழமையிலும் ஈடுகட்ட முடியாது.

திருப்பூர்ல இருந்து தெரிஞ்சவங்க ரெண்டு பேர் போன் பண்ணாங்க. ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதுல ஏற்றுமதிக்குத் தைச்ச டிஷர்ட் அப்படியே நிக்குதாம். 'எந்த விலைக்கு வேணா எடுத்துக்கங்க'ன்னு அதுல ஒருத்தர் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கலை. சரக்கு தரமானது, ஆனா சைஸ் வெள்ளைக்காரன் சைஸ், நிறம் கார்த்திகை மார்கழிக்கு ஆகுற சாம்பலும் பழுப்பும். தீபாவளிக்கு எவன் சாம்பல் கலர் எடுப்பான்? கொஞ்சம் எடுத்தேன். முதலாளிக்கு இன்னும் சொல்லலை.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. நேத்து ராத்திரி பேல் இறக்கினப்ப நம்ம பழைய லோடுமேன் பெரியவர் படியிலயே உக்காந்துட்டார். முட்டி மடங்கலைன்னார். அவர் முதுகுல ஏறாத சரக்கு இந்தக் கடையில இல்ல. 2021-ல சட்டம் போட்டு, நின்னு வேலை செய்யறவங்களுக்கு உட்கார இடம் குடுக்கணும்னு சொன்னாங்க இல்லையா, நாங்களும் ஸ்டூல் வாங்கினோம். போய்ப் பார்த்தா அத்தனை ஸ்டூல் மேலயும் அட்டைப்பெட்டி. கவுண்டர்ல இருக்கிற பொண்ணுங்க காலையில ஒன்பதரைக்கு நின்னா கடைசி பஸ்ஸுக்குத்தான் ஓடுதுங்க. இன்னைக்குக் காலையில எல்லாப் பெட்டியையும் இறக்க வச்சேன். சாயங்காலத்துக்குள்ள மறுபடி ஏத்திட்டானுங்க, வேற இடம் இல்லைன்னு. திங்கக்கிழமை பக்கத்துச் சந்துல ஒரு மாடியை ஒரு மாச வாடகைக்குக் கேக்கப் போறேன். முதலாளி கத்துவார், கத்தட்டும்.

சந்திப்பை 26-க்கு மாத்தச் சொல்லு. அன்னைக்குன்னா நானே எல்லாருக்கும் சாப்பாடு போடுறேன், சோடாவுக்கு மட்டும் பாதி. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காரியம் பண்ணு: பிள்ளைங்க டிரஸ்ஸுல உங்களுக்கு எந்த சைஸ் அதிகமாத் திரும்பி வருதுன்னு, தென் மாவட்டத்துக்கு மட்டும், வாயாலயாவது சொல்லு. கம்பெனி ரகசியம்னு பந்தா பண்ணாதே, ஒன்பதாவதுல உனக்கு யார் பேப்பர் காட்டினதுன்னு ஊருக்கே தெரியும்.

தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு. உன் மகளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வைக்கிறேன். வயசைச் சொல்லாதே, இடுப்பு அளவும் உயரமும் அனுப்பு. செவ்வாய்க்குள்ள வேணும், ஈரோட்டுச் சந்தைக்கு அன்னைக்குத்தான் ஆள் போறான்.

உன்,
ஜவுளி