'நீர்க்கட்டி' என்ற சொல் குறித்து

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்னும் ஹார்மோன் கோளாறு பற்றிக் கட்டுரை வரும்போதெல்லாம் 'சினைப்பை நீர்க்கட்டி' என்றே தலைப்பிடப்படுகிறது. பெண்கள் பள்ளியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் என்ற முறையில், இந்தச் சொல் வீடுகளில் எவ்வளவு கலக்கத்தை உண்டாக்குகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி தன் மகளின் ஸ்கேன் அறிக்கையோடு வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்குப் பதினைந்து வயது. பெரியவளாகி மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். துணிக்கடைப் பைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த அந்தத் தாளில், சினைப்பையின் ஓரத்தில் 4 முதல் 7 மி.மீ. வரை பல கட்டிகள் இருப்பதாக எழுதியிருந்தது. "இத்தனை கட்டியையும் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாயிடுமா டீச்சர்?" என்று அவள் கேட்டாள். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தாயின் மனம் புற்றுநோய் வரை ஓடிவிடுகிறது. அவளைக் குறை சொல்ல முடியாது.

அந்தத் தாளில் கட்டி எனப்பட்டவை ஃபாலிக்கிள்கள். வகுப்பில் நான் இவற்றை 'முட்டைக் கூடு' என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு பெண்ணும் பல லட்சம் முட்டைக் கூடுகளுடன்தான் பிறக்கிறாள். இயல்பான மாதத்தில் ஒரு கூட்டம் கூடுகள் வளரத் தொடங்கி, ஏறக்குறைய 10 மி.மீ. அளவை எட்டும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எஃப்எஸ்எச் ஹார்மோனின் துணையால் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்தி, சுமார் 20 மி.மீ. வரை முதிர்ந்து, வெடித்து முட்டையை வெளிவிடுகிறது. மற்றவை சுருங்கி மறைகின்றன. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு எல்எச் என்னும் மற்றொரு பிட்யூட்டரி ஹார்மோன் அடிக்கடியும் மிகுதியாகவும் சுரந்து, கூட்டின் வெளிப்புற செல்களை ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோன்களைத் தயாரிக்கத் தூண்டுகிறது. உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாததால் ரத்தத்தில் பெருகும் இன்சுலினும் அதே செல்களை முடுக்கிவிடுவதோடு, ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரலில் குறைத்துவிடுகிறது. முகத்தில் முடியும் முகப்பருவும் வருவது இதனால்தான். சிறு கூடுகள் தாமே சுரக்கும் ஏஎம்எச் ஹார்மோன் எஃப்எஸ்எச்சின் வேலையை மழுங்கடிப்பதால், எந்தக் கூடும் முந்த முடியாமல் 2 முதல் 9 மி.மீ. அளவிலேயே நின்றுபோய் ஓரமாக வரிசைகட்டி நிற்கின்றன.

ஆக, ஸ்கேனில் தெரிவது ஹார்மோன் குழப்பத்தின் விளைவு. கூடுகளை எடுத்தெறிவதால் அந்தக் குழப்பம் தீராது. உண்மையான நீர்க்கட்டி என்பது வேறு. அது பெரும்பாலும் ஒன்றாக, பெரிதாக வரும். சில வேளைகளில் அறுவை சிகிச்சையும் தேவைப்படும். இரண்டுக்கும் ஒரே சொல்லை நாம் வழங்கிவருவதால்தான், 'நீர்க்கட்டி கரைய' என்று சுவர்களில் எழுதி விற்கப்படும் பொடிகளுக்கும் கஷாயங்களுக்கும் பெண்கள் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

1935ஆம் ஆண்டு சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து இந்நோய்க்குச் சினைப்பையின் தோற்றத்தை வைத்தே பெயர் வழங்கிவருகிறது. அந்தப் பெயர் தவறான வழி காட்டுகிறது, மாற்ற வேண்டும் என்று 2012இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே பரிந்துரைத்தது. 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலோ, பூப்பெய்திய எட்டு ஆண்டுகளுக்குள் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது. இளம் சினைப்பையில் கூடுகள் நிறைந்திருப்பது இயல்பு. வளரிளம் பெண்ணுக்கு ஒழுங்கற்ற மாதவிலக்கும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் இரண்டுமே இருந்தால்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். என் மாணவியின் மகளுக்கு ஆண்ட்ரோஜன் மிகுதி உண்டா என்ற சோதனையை எவரும் செய்யவே இல்லை.

இதைச் சொல்லும்போது, மாதவிலக்கு வராததை அலட்சியப்படுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சுரப்பதில்லை; ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் மட்டுமே தூண்டிக்கொண்டிருப்பதால் கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போகலாம். ஆகவே காலண்டரில் தேதிகளைக் குறித்துவரச் சொல்லி, அந்தத் தாயை மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன்.

தங்கள் நாளிதழ் இனி 'பிசிஓஎஸ்' என்றோ 'முதிராத முட்டைக் கூடுகள்' என்றோ எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். பழகிய சொல்லை உடனே விட இயலாதெனில், அது வரும் ஒவ்வொரு கட்டுரையிலும் 'இவை கட்டிகள் அல்ல, வளர்ச்சி தடைப்பட்ட ஃபாலிக்கிள்கள்' என்ற ஒரு வரியையேனும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கும்பகோணம்.