தமிழ் விசைப்பலகைச் செயலிகளைச் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பேத்திக்குத் தமிழிலேயே செய்தி அனுப்ப வேண்டும் என்று, தாம் இறக்கி வைத்திருந்த விசைப்பலகைச் செயலியை இயக்கித் தரும்படி கேட்டார். கடவுச்சொல், கடன் அட்டை எண் உட்படத் தட்டும் எழுத்து அனைத்தையும் இச்செயலி சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எச்சரித்தது. நான் அதைப் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் ‘சரி’யைத் தொட்டுவிட்டது.

புதிதாகச் சேர்க்கும் விசைப்பலகை எதுவானாலும் அந்த எச்சரிக்கை வரும். அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அது வெறும் சடங்கு அன்று. 2017 டிசம்பரில் ஏஐ.டைப் என்னும் விசைப்பலகைச் செயலியின் தரவுத்தளம் பூட்டின்றி இணையத்தில் திறந்து கிடந்ததில், ஏறத்தாழ 3.1 கோடிப் பேரின் விவரங்கள் அம்பலமாயின. 2024 ஏப்ரலில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்னும் ஆய்வகம், சீனமொழித் தட்டச்சுக்கான 9 நிறுவனங்களின் செயலிகளை ஆராய்ந்தபோது, 8 நிறுவனங்களின் செயலிகளில், தட்டும் எழுத்துகளை இடைவழியில் பிறர் படித்துவிடக்கூடிய ஓட்டைகள் இருந்தன. அடுத்த சொல்லை ஊகித்துத் தருவதற்காக எழுத்துகளை நிறுவனத்தின் சேவையகக் கணினிக்கு இணையம் வழியே அனுப்பியதால் வந்த வினை இது.

வாட்ஸ்அப்பில் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது) இருக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். மறையாக்கம் தொடங்குவதற்கு முன்பே செய்தி விசைப்பலகையைக் கடந்துதான் வருகிறது. இணையத்தில் ஆளை அடையாளம் காட்டாமல் உலவ உதவும் டோர் உலாவியில் பெயரை மறைத்து ஊழல் புகார் எழுதுகிறவருக்கும் இதே நிலைதான்.

ஆசிரியையின் கைப்பேசியில் ஹெலிபோர்டு என்னும் கட்டற்ற விசைப்பலகை மென்பொருளை (யாரும் படிக்கவும் மாற்றவும் உரிமை தருவது) நிறுவிக் கொடுத்தேன். அதன் மூலநிரல், அதாவது செயலியை இயக்கும் கட்டளைகளின் எழுத்து வடிவம், வெளிப்படையாக இருக்கிறது; தமிழும் உண்டு; கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்தில் கணக்குத் தொடங்காமலே இறக்கிக்கொள்ளலாம். நிரலைப் படித்துச் சரிபார்க்கும் அளவுக்கு நான் தேர்ந்தவன் அல்லன். நிரல் திறந்திருப்பதாலேயே ஒரு செயலி பழுதற்றது ஆகிவிடாது என்பதும் தெரியும். எனக்கு நம்பிக்கை தந்தது, அது இணைய அனுமதியே கேட்பதில்லை என்பதுதான்; அந்த அனுமதி இல்லாத செயலி, தட்டும் எழுத்துகளைத் தானாக இணையத்துக்கு அனுப்ப முடியாது. குரல்வழித் தட்டச்சு அதற்கெனத் தனியாக இல்லாததில் ஆசிரியைக்கு வருத்தமே.

இணைய அனுமதியை ஆண்ட்ராய்டு நம்மிடம் கேட்காமலே வழங்கிவிடுகிறது. பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் அனுமதிகள் பட்டியலைத் தேடித் திறந்து பார்த்தால்தான் தெரியும். பேத்திக்குச் செய்தி அனுப்ப நினைப்பவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமன்று. எனவே, 1999-லேயே தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்திய தமிழக அரசு, மக்கள் பரவலாகப் பயன்படுத்தும் தமிழ் விசைப்பலகைச் செயலிகளுள் எவை மூலநிரலை வெளியிட்டுள்ளன, எவை எழுத்துகளை வெளியே அனுப்புகின்றன என்பதைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாகச் சோதித்துப் பட்டியலிட வேண்டும். தங்கள் நாளிதழும் செயலிகளைப் பரிந்துரைக்கும்போது, இவ்விரு விவரங்களையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்