தேர்வு போகட்டும், கேள்வி இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த தொடக்கப்பள்ளித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3-உம் போனது. பினாங்கில் பெற்றோர் கூடும் இடங்களில் இன்றும் இதே பேச்சுதான். தேர்வு இல்லையென்றால் பிள்ளை எப்படிப் புத்தகத்தைத் தொடும் என்கிறார் ஒருவர். சின்னப் பிள்ளைகளைப் போட்டு வாட்டாதீர்கள் என்கிறார் இன்னொருவர். இருவருமே தேர்வை மதிப்பெண் அளக்கும் கருவியாகவே பார்க்கிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு விடையை நினைவிலிருந்து எடுப்பதே கற்றலின் ஒரு பகுதி என்பது இந்த வாக்குவாதத்தில் அடிபட்டுப் போகிறது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்தார்கள். சராசரியாக 14 தடவை. மற்றொரு குழு முதல் அமர்வில் மட்டும் மூன்று நான்கு தடவை வாசித்தது. மீதி மூன்று அமர்வுகளிலும் நினைவில் இருந்ததையெல்லாம் தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 விழுக்காடு, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. அதிகம் நினைவிருக்கும் என்று முன்கூட்டி நம்பியவர்களோ வாசித்த குழுவினர்தான். திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரி பழகிவிடுகிறது; அந்தப் பழக்கத்தைப் பிள்ளை ‘தெரிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் ஹைலைட்டரால் பக்கம் முழுவதும் கோடு போடுவதிலும் இதே ஏமாற்றம்தான்.

தமிழ்ப் பாடத்தில் செய்யுள், பழமொழி, மரபுத்தொடர் போன்றவற்றைக் கற்பிக்கும் செய்யுள் மொழியணிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ‘கரைத்துக் குடித்தல்’ என்ற மரபுத்தொடரும் அதன் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். பிள்ளை இரண்டையும் பத்துமுறை வாய்விட்டுச் சொல்லும். அதற்குப் பதிலாகத் தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் தொடரையும் வலப்பக்கம் பொருளையும் எழுதச் சொல்லுங்கள். பொருளை மறைத்துவிட்டு வேறொரு தாளில் நினைவிலிருந்து எழுதட்டும். பிறகு திறந்து பார்த்துச் சிவப்பு மையால் தானே திருத்தட்டும். இது பழகியதும் திசையை மாற்ற வேண்டும்: இரண்டு வரியில் ஒரு சூழலைச் சொல்லி, பொருத்தமான தொடரைக் கேளுங்கள். தொடரிலிருந்து பொருளுக்கு மட்டுமே போய்ப் பழகிய பிள்ளை, சூழலைக் கொடுத்தால் தடுமாறும்.

இதில் வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. பிள்ளை இரண்டு விநாடி யோசித்துவிட்டு மறைத்ததைத் திறந்துவிடும். அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். திருத்தாமல் விட்டால் தவறான விடை அப்படியே மனத்தில் படிந்துவிடும். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் கேள்விகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் தவறான விடைகளையும் பிள்ளை வாசித்துத் தொலைக்கிறது. மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துவது: இந்தச் சிறு கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டு வகுப்பில் உரக்க வாசிப்பது. அப்படிச் செய்தால் பழைய பயம் திரும்பிவிடும். பிள்ளை யோசிப்பதை விட்டுப் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும்.

இடைவெளியும் முக்கியம். செப்பேடாவும் குழுவினரும் 1,350 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் கழித்து நினைவிருக்க வேண்டியதை ஒரு நாள் விட்டு மீண்டும் படித்தால் நல்ல பலன் கிடைத்தது. 35 நாளுக்கு 11 நாள், 70 நாளுக்கு 21 நாள் இடைவெளி ஏற்றதாக இருந்தது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-க்கு முந்திய வாரம் காலை முதல் இரவு வரை நடத்தும் டியூஷன் வகுப்பை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

பயிற்சிப் புத்தகம் அச்சிடுவோரிடமும் ஒரு வேண்டுகோள். கழிவு (விலைத் தள்ளுபடி) பற்றி இருபது கணக்கு, அடுத்த பக்கத்தில் இலாபம் பற்றி இருபது என்று அடுக்கினால், எந்த வழியில் செய்வது என்று பிள்ளை யோசிக்கவே வேண்டியதில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. ரோரர், டெய்லர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், திண்மப் பொருள்களின் கனஅளவுக் கணக்குகளை வகை வகையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்களுக்கு 60தான். ஒரு வாரம் கழித்து முதல் குழுவுக்கு 20, இரண்டாம் குழுவுக்கு 63. பயிற்சியின்போது மதிப்பெண் இறங்குவதைக் கண்டு பெற்றோர் பதற வேண்டாம். புதிய பாடத்தின் முதல் நாலைந்து கணக்குகள் ஒரே வகையாக இருக்கலாம். அதற்குப் பிறகு பழையவற்றோடு கலக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. திங்கட்கிழமை முதல் பாடவேளையில் ஐந்து நிமிடம், நான்கு கேள்வி: இரண்டு போன வாரப் பாடத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து, ஒன்று ஆண்டுத் தொடக்கத்திலிருந்து. விடையை உடனே சொல்லிவிட வேண்டும், மதிப்பெண் பதிய வேண்டாம். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் தவறவிட்ட கேள்வி எதுவோ, அது அடுத்த திங்கட்கிழமையும் வர வேண்டும்.

இப்படிக்கு,
கல்வி உளவியல் விரிவுரைஞர்,
பட்டர்வொர்த், பினாங்கு