ரத்த அழுத்தத்தைச் சடாரென்று இறக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பி.பி. 200/110 என்று காட்டியதும் நாக்கின் அடியில் நிஃபெடிபின் என்ற பி.பி. மருந்தை வைத்து இறக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. எண் இறங்கியதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். மூளைக்குத்தான் அது ஆபத்து.

மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 750 மி.லி. ரத்தம் போயாக வேண்டும். அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த அளவைக் காப்பவை அங்குள்ள சிறு தமனிகள். உள்ளே அழுத்தம் கூடிச் சுவர் இழுபட்டால், சுவரிலுள்ள தசை தானாகவே இறுகும். அழுத்தம் குறைந்தால் தளரும். நரம்பின் கட்டளைகூடத் தேவையில்லை என்று 1902-லேயே ஆங்கிலேய உடலியல் அறிஞர் பெய்லிஸ் எழுதிவிட்டார். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் சிறிது இறுகினாலே போதும்.

இதற்கும் எல்லை உண்டு. மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழித்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணோடு கூட்டினால் சராசரி அழுத்தம் கிடைக்கும். அது ஏறத்தாழ 60 முதல் 150 வரை இருந்தால் தமனிகள் சமாளிக்கும். பல ஆண்டுகளாகக் கொதிப்பு உள்ளவர்களுக்குச் சுவர் தடித்து, இரண்டு எல்லைகளுமே மேலே ஏறிவிடுகின்றன. சிலருக்குக் கீழ் எல்லையே 100-ஐத் தாண்டும். 200/110-க்குச் சராசரி 140. அரை மணியில் 130/80 ஆக்கினால் 97. பார்க்க நல்ல பி.பி.தான், ஆனால் கீழ் எல்லை 100-ஐத் தாண்டியவருக்குத் தமனிகள் முழுக்க விரிந்தும் ரத்தம் போதாமல் பக்கவாதம் வரலாம். இதயத் தமனியில் அடைப்பு இருந்தால் மாரடைப்பும் வரலாம். போதாததற்கு, நிஃபெடிபின் நாக்கடியில் சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. விழுங்கிய பிறகே வேலை செய்கிறது. எவ்வளவு இறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எண் அதிகமாக இருந்தால் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை இதய மட்டத்தில் வைத்து மறுபடி அளவெடுங்கள். கைப்பட்டை சிறியதாக இருந்தால் எண் கூடுதலாகவே காட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒருபக்கக் கை கால் பலவீனம், பார்வை மங்கல் இருந்தால் மாத்திரை எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில்கூட முதல் ஒரு மணியில் பெரும்பாலும் கால் பங்குக்கு மேல் குறைப்பதில்லை. அறிகுறி ஏதும் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் மருத்துவரைப் பாருங்கள். வாரக்கணக்கில் மெல்லக் குறைத்தால், மேலேறிய எல்லையும் பலருக்குக் கீழே திரும்பும்.

சீட்டில்லாமல் வருபவருக்கு 'பி.பி. இறங்க' என்று இந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம் என மருந்துக்கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– பொது மருத்துவர், தஞ்சாவூர்