ஃபஸ்லுர் ரஹ்மான் கான் நினைவு நாள்

நண்பர்களே, வரும் மார்ச் 27 இரவு நம் குழுவில் கட்டமைப்புப் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானைப் பற்றிப் பேசலாம்.

1929இல் டாக்காவில் பிறந்தவர். 1952இல் உதவித்தொகையில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அப்புறம் வேலை, குடும்பம் எல்லாம் சிகாகோவில்தான். அங்கே 110 மாடி சியர்ஸ் கோபுரத்தை (இப்போது வில்லிஸ் கோபுரம்), ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்ததுபோல் வடிவமைத்தார். அவை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக் காற்றைத் தாங்குகின்றன, எஃகும் மிச்சம். எத்தனை அழகான யோசனை!

1971 போரில் வங்கதேச மக்களுக்காக அங்கிருந்தே நிதி திரட்டினார். தாகூர் பாடல்கள் என்றால் அவருக்கு உயிர். மகளும் கட்டமைப்புப் பொறியாளரானார். அப்பாவின் பணியைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 52 வயதிலேயே, 1982இல் கான் மறைந்தது பெரிய இழப்பு.

சிகாகோவில் இருப்பவர்கள், அவர் வடிவமைத்த இன்னொரு கோபுரமான ஹான்காக் கட்டடத்தின் குறுக்குச் சட்டங்கள் தெரியும்படி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.