அந்த லுமாலா சைக்கிளைக் கொடுத்தவருக்கு

பெயரைச் சொல்லக் கூடாது என்று போதகரிடம் கறாராகச் சொல்லிவிட்டீர்களாம். சரி, நானும் கேட்கவில்லை, ஆனால் நன்றி சொல்லாமல் ஊருக்குப் போக மனம் வரவில்லை.

இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்த 2022இல் நான் வவுனியா வந்தது ஊழியத்துக்காகச் சிங்களம் படிக்க, டீச்சர் வீடு மடுகந்தைப் பக்கம். இந்திய ரூபாய்க்கு இங்கே மதிப்பு ஏறியிருக்கிறதே, உனக்கென்ன குறை என்று திருச்சியில் கேட்டார்கள், அவர்களுக்கு எங்கே தெரியும், கையில் காசு இருந்தும் கடையில் பால்மா இல்லை, காஸ் இல்லை, ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய் ஆனபிறகும் ஷெட்டில் வரிசை குறையவில்லை, பஸ் வந்தால் உண்டு, ஆட்டோவுக்குக் கேட்ட காசில் ஒரு வாரம் சமைக்கலாம். படிப்பை விட்டுவிடலாம் என்றே இருந்தேன்.

அப்போது பழைய சைக்கிளுக்கே என்ன கிராக்கி! விற்றிருந்தால் நல்ல காசு பார்த்திருப்பீர்கள். நீங்களோ புது டியூப் போட்டு, கரியரில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் கட்டி அனுப்பினீர்கள். ஆகஸ்டில் அது லீட்டர் 87இலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியபோது உங்களைத்தான் நினைத்தேன். வகுப்பு ஒன்றுகூடத் தவறவில்லை, டீச்சரின் பிள்ளைகளோடு இப்போது சண்டைபோடும் அளவுக்குச் சிங்களம் வருகிறது.

செயின் மாற்றி போதகர் வீட்டில் விட்டிருக்கிறேன். அடுத்து யாருக்கென்று நீங்களே சொல்லியனுப்புங்கள்.