'எல்.எஸ்.டி. கண்டறியப்பட்டது' என்ற ஒரு வரி போதாது

தடயவியல் ஆய்வகங்களின் போதைப்பொருள் பிரிவில் இருக்கும் வேதியியலர்களுக்கு,

வணக்கம். நானும் கருவிகளோடு பிழைப்பு நடத்துபவன்தான், உங்கள் மேசையில் மாதிரிகள் மலையாகக் குவிவது தெரியும். ஆனாலும் கேட்டுவிடுகிறேன். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை ஊறவைத்த சிறு தாள்களான ஸ்டாம்ப் பிடிபடும் வழக்குகளில் "ஜிசி-எம்எஸ் மூலம் எல்.எஸ்.டி. கண்டறியப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு அறிக்கையை முடிக்காதீர்கள். (ஜிசி-எம்எஸ் என்பது மாதிரியைச் சூட்டில் ஆவியாக்கிப் பிரித்து, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி.) புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 329-ஆம் பிரிவின்படி, அந்தத் தாளைச் சாட்சிக்கூண்டில் நீங்கள் ஏறாமலேயே கோர்ட்டு ஏற்றுக்கொள்ள முடியும். போதைப்பொருள் சட்டத்தில் கடும் தண்டனைக்கு எல்லையான 'வணிக அளவு' எல்.எஸ்.டி.க்கு வெறும் 0.1 கிராம், தண்டனை குறைந்தது 10 ஆண்டு. இவ்வளவு கனமான விஷயத்துக்கு ஒரு வரி என்றால் எப்படி?

நிறம் காட்டிச் சோதிக்கும் எர்லிக் கரைசலைச் சொட்டியதும் தாளில் ஊதா பூக்கிறது, புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்கிறது. பார்க்க அழகுதான். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் மெத்தில் எர்கோமெட்ரினும் இதையேதான் செய்யும், அதுவும் எல்.எஸ்.டி. போலவே லைசர்ஜிக் அமிலத்தின் பிள்ளைதானே. இது முதற்கட்டச் சோதனை, அவ்வளவுதான்.

சரி, மூலக்கூறு உடையும் துண்டுகளின் நிறையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரம் இருக்கிறதே என்பீர்கள். எல்.எஸ்.டி.யின் அமைடு நைட்ரஜனில் இரண்டு எதில் தொகுதிகள். அதன் ஐசோமரான, அதாவது அதே அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்ட லாம்பாவில் ஒரு மெத்தில், ஒரு புரோப்பில். நாலு கார்பனை இரண்டு இரண்டாகப் பிரித்தார்களா, ஒன்றும் மூன்றுமாகப் பிரித்தார்களா என்பதுதான் வித்தியாசம். மூலக்கூறு நிறை இரண்டுக்கும் 323. 221, 181 என்ற நிறைகளில் எழும் பெரிய பீக்குகளும் (முகடுகளும்) அப்படியே, வேறுபாடெல்லாம் கீழே சிறிய பீக்குகளின் உயரத்தில் ஒளிந்திருக்கும். திரவத்தில் ஓட்டிப் பிரிக்கும் எல்சி-எம்எஸ்எம்எஸ் கருவியில் 324-லிருந்து 223 என்ற மாற்றத்தை மட்டும் பார்த்தாலும் இதே கதை, இன்னொரு ஐசோமரான ஐசோ-எல்.எஸ்.டி.யும் அதைக் கொடுக்கும். கருவியின் தரவுத்தொகுப்போடு பொருந்தும் லைப்ரரி மேட்ச் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இவற்றைப் பிரித்துக் காட்டுவது, பொருள் கருவியைக் கடந்து வெளிவர எடுக்கும் நேரமான ரிட்டென்ஷன் டைம்தான், அதற்கும் ஒப்பிட வைத்திருக்கும் தூய மாதிரியான ஸ்டாண்டர்டை அன்றைக்கே அதே கருவியில் ஓட்டியிருக்க வேண்டும்.

லாம்பா தெருவில் அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு உண்மையான கவலை 1பி-எல்.எஸ்.டி. வகையறா. அதில் எல்.எஸ்.டி.யின் இண்டோல் நைட்ரஜனில் ஒரு புரோப்பியோனில் தொகுதி வாலாக ஒட்டியிருக்கும், நிறை 379. இதை மெத்தனாலில் கரைத்து ஜிசியின் சூடான இன்ஜெக்டரில் செலுத்தினால் அந்தத் தொகுதி கழன்று எல்.எஸ்.டி. பீக் வந்து நிற்கும். அதாவது தாளில் இல்லாத எல்.எஸ்.டி.யைக் கருவியே தயாரித்துக் கொடுத்துவிடும்! அசிட்டோநைட்ரைலில் கரைத்தோ, எல்சியில் ஓட்டியோ பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜெர்மனியில் 2019-இல் 1பி-யைத் தடை செய்ததும் 1சிபி வந்தது, அப்புறம் 1வி. வாலை மட்டும் மாற்றி மாற்றி விற்றார்கள். இப்படிப்பட்ட பொருள் நம் சட்ட அட்டவணைக்குள் வருமா வராதா என்பது நீதிபதி தீர்க்கவேண்டிய கேள்வி. அது எழவே விடாமல் ஒரு புட்டி மெத்தனால் தீர்ப்பு எழுதக்கூடாது.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்டாம்ப் 10 மில்லிகிராம், அதில் மருந்து 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஸ்டாம்பில் மருந்து 1 மில்லிகிராம்தான், சட்டம் 'சிறு அளவு' என்று சொல்லும் 2 மில்லிகிராமுக்கும் கீழே. தாளோடு சேர்த்தால் 100 மில்லிகிராம், அதாவது வணிக அளவின் விளிம்பு. தாளைச் சேர்ப்பதா என்று வழக்கறிஞர்கள் சண்டை போடட்டும், நீங்கள் இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

அறிக்கையில் கரைப்பான் எது, எந்த ஸ்டாண்டர்டுகளோடு ஒப்பிட்டீர்கள், ரிட்டென்ஷன் டைம் எவ்வளவு என்று எழுதி, கருவி வரைந்த வரைபடமான குரோமட்டோகிராமையும் இணையுங்கள், எதிர்த்தரப்புக்கும் அது கிடைக்கட்டும். லாம்பா ஸ்டாண்டர்டு வாங்குவது லேசான காரியமில்லை, அனுமதி, இறக்குமதி என்று அலைய வேண்டும். கைவசம் இல்லையென்றால் "ஐசோமர்களோடு ஒப்பிடப்படவில்லை" என்றாவது எழுதுங்கள். அதற்குக் காசும் ஆகாது, அனுமதியும் தேவையில்லை.